எண்ணிக்கையில் ஒன்று கூடுதல்

அல்மாத்தி, மலைமேல்,
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் தெமிர்கான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்களிடம் திட்டு வாங்கிப் பழகிப்போன ரிஸ்பெக் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. குதிரைகள் சுகமா? ஆடுகள் சுகமா? கூட்டத்தை விட்டு ஓடிவந்து என்னை முட்டிய அந்தக் கறுப்புக் கிடா சுகமா? நம் வழக்கப்படி கால்நடைகளை முதலில் விசாரித்துவிட்டேன், இனி மனுஷர்களுக்கு வருகிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஷொல்பான் அக்காவின் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? அதை ஏற்றுகிறவன் நான்தான் என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும், அதனால்தான் அக்கறையோடு கேட்கிறேன்.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் கேள்வியும் கேட்டு, பதிலையும் நீங்களே சொல்லி, கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறீர்கள். காகிதத்தில் அப்படி முடியாது. என்னோடு ரயிலில் வேலை பார்த்த கலீமா நாளை ராத்திரி வண்டியில் தராஸ் வருகிறாள், பிளாட்பாரத்தில் உங்கள் கையில் கொடுப்பாள். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. வியாழக்கிழமை உங்கள் தங்கை குல்யாஷ் போய் ஒரு வருஷம், அவளுக்கு வருஷ விருந்து, ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, பெற்ற மகள் வந்து தாய்க்குக் கடைசி ஒப்பாரி பாடப் போகிறாளா இல்லையா? இதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பதிலை முதல் வரியிலேயே எழுதினால் மீதியை நீங்கள் படிக்கமாட்டீர்கள், அடுப்பில் போடுவீர்கள், அதனால் கடைசியில்தான் வரும்.

நீங்கள் சொல்லி அனுப்பியது எனக்கு மறக்கவில்லை. சாக்கில் கட்டியாவது தூக்கிட்டு வா என்றீர்கள். நானும் அந்த எண்ணத்தோடுதான் செவ்வாய்க்கிழமை இந்த மலையேறினேன். கீழே நகரம் முழுக்கப் புகைமூட்டம், பஸ் அதற்குள்ளிருந்து மேலே ஏறி வந்ததும் வெயில், பனி, அமைதி. அவள் வேலை பார்க்கிற வானியல் நிலையத்தின் வாசலில் யூசுப் என்று ஓர் உய்குர் இனத்துக் காவல்காரர். என் பையைப் பிரித்து, நீங்கள் மகளுக்குக் கொடுத்தனுப்பிய குதிரைக்கறித் தொத்திறைச்சியை வெளியே எடுத்து, முகர்ந்து பார்த்து, “இது என்ன?” என்றார். சாப்பிடுவது என்றேன். “பார்த்தாத் தெரியுது, யாரு சாப்பிடுறதுன்னு கேட்டேன்” என்றார். ஒரு முழத்தை அங்கேயே அறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. ஆகையால் ஒரு முழம் குறைகிறது, அதற்கு நான் பொறுப்பல்ல.

மகள் ஜிபெக்கைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது மச்சான். மெலிந்திருக்கிறாள். கன்னம் ஒட்டி, அம்மாவின் முகமாகவே ஆகியிருக்கிறாள். நின்றபடியே சாப்பிடுகிறாள், சாப்பிடும்போதும் கண் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. “வாங்கப்பா” என்றாள், “உக்காருங்கப்பா” என்றாள், பிறகு நான் இருப்பதையே மறந்துவிட்டாள். வருஷ விருந்து என்று நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் “பாத்துக்கலாம்பா” என்று எழுந்து போய்விடுவாள். ஒரு கழுதையைக் கயிறு போட்டு இழுத்திருக்கிறேன், ஒரு ரயில் பெட்டியை ஆட்களோடு சேர்ந்து தள்ளியிருக்கிறேன், இந்தப் பெண்ணை ஓர் அங்குலம் நகர்த்த முடியவில்லை. அம்மா பிள்ளை. உங்கள் குடும்ப ரத்தம். என் பக்கத்து ஆட்கள் தட்டினால் நகர்ந்துவிடுவார்கள்.

சரி, அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். ஊரில் யாராவது விசாரித்தால் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவைப்பேன், உடனே அவர்கள் வீட்டு பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இப்போதுதான் முதல் தடவையாக உட்கார வைத்துச் சொன்னாள்.

“ஒரு பெட்டி மாதிரி நெனச்சுக்கங்கப்பா. ரொம்பப் பெரிய பெட்டி. ஆரம்பத்துல உள்ள எல்லா எடத்துலயும் மாவு தூவுன மாதிரி தூள். கிட்டத்தட்ட சமமா. ஆனா இங்க ஒரு சிட்டிகை கூட, அங்க ஒரு சிட்டிகை கொறச்சல்.”

“சரி.”

“கூட இருக்கற எடம் பக்கத்துல இருக்கறத இழுக்கும். இழுக்க இழுக்கக் கனம் ஏறும், இன்னும் இழுக்கும். வானத்துல நட்சத்திரக் கூட்டமெல்லாம் அப்படித்தான் சேந்துச்சு. அதைத்தான் இங்க ஆரம்பத்துலேருந்து ஓட்டிப் பாக்குறோம்.”

“உங்க மாமா மாதிரியா? மொதல்ல நாலு குதிரைதான் இருந்துச்சு, அப்புறம் பக்கத்து மேய்ச்சல் நெலமெல்லாம்...”

“அப்பா.”

இதை உங்களிடம் சொல்லக்கூடாதுதான், எழுதிவிட்டேன், அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும். ஒரு கம்ப்யூட்டரால் அந்தப் பெட்டி முழுவதையும் சுமக்க முடியாதாம், அதனால் பெட்டியைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஹால் நிறையக் கறுப்பு அலமாரி அலமாரியாகக் கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றும் தன் துண்டின் ஓரத்தில் யார் இருக்கிறார்கள் என்று பக்கத்து அலமாரிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும், சொல்லி முடித்த பிறகுதான் எல்லோரும் சேர்ந்து ஓர் அடி எடுத்துவைப்பார்கள். ஒன்று தாமதித்தால் அத்தனையும் காத்திருக்கும். ஷொல்பான் அக்கா தலையில் துண்டு கட்டி முடிக்கும்வரை நாம் எல்லோரும் வண்டியில் உட்கார்ந்திருப்போமே, அதேதான். சுவர் எங்கே என்று கேட்டேன். சுவரே கிடையாதாம். இந்தப் பக்கம் வெளியே போனது அந்தப் பக்கம் வழியாக உள்ளே வந்துவிடுமாம்.

“அப்போ யாரும் போகவே முடியாதா?”

“போகலாம்பா. திரும்பி வந்துருவாங்க” என்றாள், அவ்வளவு சாதாரணமாக.

படம் காட்டினாள். கறுப்பில் மெல்லிய நூல் நூலாக வெளிச்சம், நூல்கள் கூடுகிற இடத்தில் முடிச்சு, நடுவில் பெரிய பெரிய வெறும் இடம். உங்களுக்கு எப்படிச் சொல்வது? பொழுது சாயும்போது ரயில் ஜன்னலிலிருந்து புல்வெளியைப் பார்த்தால் ஸ்டேஷன் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கோட்டில் வரும், கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு விளக்குகூட இருக்காது, அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு பயம் வருமே, அப்படி இருந்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தப் பக்கத்துத் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் நான் உட்காருவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தூள் கோடிக்கணக்கில் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் ஒட்டியிருக்கிறது. உள்ளே போட்டது எவ்வளவோ அவ்வளவுதான் கடைசிவரை இருக்கவேண்டும், புதிதாகப் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது. அதனால் அவ்வப்போது எல்லா அலமாரியும் தன்னிடம் இருப்பதை எண்ணிச் சொல்லும், கூட்டிப் பார்ப்பார்கள். சில வாரமாக ஒன்று கூடுதலாக வருகிறதாம். ஒன்றே ஒன்று. வந்ததும் ஓட்டம் நின்றுவிடும். ஆரம்பத்திலிருந்தோ, சேமித்துவைத்த இடத்திலிருந்தோ மறுபடி ஓட்டினால், கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஒன்று கூடுதல், இந்தத் தடவை வேறு அலமாரியில். அலமாரியை மாற்றிப் பார்த்தார்கள், கம்பியை மாற்றிப் பார்த்தார்கள். எங்கே மாற்றினாலும் அது எல்லாவற்றிலும் வெறுமையான இடமாகப் பார்த்து, ஒன்றுமே இல்லாத அந்த இருட்டின் நடுவில் வந்து நிற்கிறது. யாருக்கும் கொடுக்காத ஓர் எண் அதன்மேல் இருக்கிறது.

“மத்ததெல்லாம் முடிச்சப் பாத்து ஓடுதுப்பா. இது மட்டும் நகர மாட்டேங்குது.”

“யாரும் இழுக்கலையோ என்னமோ.”

“எல்லாந்தான் இழுக்குது. இது போகல. அதுகூடப் பரவால்ல, எவ்ளோ தூரத்துல இருக்கறதெல்லாம் லேசா இது பக்கம் திரும்புது பாருங்க.”

பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, தெரிந்த மாதிரித் தலையாட்டினேன்.

இங்கே தலைமை விக்தோர் பாக், கொரியர், அல்மாத்தியிலேயே பிறந்து வளர்ந்தவர், காரமான காரட் ஊறுகாயை டப்பாவில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க மென்றுகொண்டிருப்பார், தங்கமான மனுஷன். அவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “அண்ணே, உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. கோடிக்கணக்குல ஒண்ணு. அந்த ஒண்ணத் தூக்கி வெளிய போட்டுட்டு மேல ஓட்டுன்னா கேக்க மாட்டேங்கறா. ஒரு வரி எழுதுனாப் போதும், வெளிய போயிரும்” என்றார். நான் போய்ச் சொன்னேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், மச்சான், உங்களுக்குப் பயப்படுவதுபோல் பயந்தேன். “வெளில எங்கப்பா போடறது?” என்று மட்டும் கேட்டாள்.

ரயில்காரன் என்ற முறையில் நானும் ஒரு யோசனை சொன்னேன். ஒரு தடவை என் பெட்டியில் ஆட்களை எண்ணினால் டிக்கெட்டைவிட ஒன்று கூடுதலாக வந்தது. எல்லோரிடமும் டிக்கெட் இருக்கிறது. மறுபடி எண்ணினேன், கூடுதல். மேல் பெர்த், கீழ் பெர்த், கழிவறை, எல்லாம் பார்த்தாகிவிட்டது, வேர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். விடியும்போதுதான் புரிந்தது, நான் என்னையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். உன் மெஷினும் தன்னையே எண்ணிக்கொள்கிறதோ என்னவோ என்றேன். ஜிபெக் சிரித்தாள். நான் வந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, போய் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு வந்து, “இல்லப்பா, அது தன்னை எண்ணல” என்றாள். அதைத் தட்டிப் பார்த்தாளே என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் பரம்பரையின் முட்டாள்தனத்தைக்கூட விட்டுவைக்காமல் சோதித்துப் பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், சொல்லத்தான் கை வரவில்லை. ஆரம்பத்தில் அந்தச் சிட்டிகை கூடுதல் எங்கே, குறைச்சல் எங்கே என்று மெஷினே குலுக்கிப் போடுமாம். குலுக்க ஓர் எண் கொடுக்கவேண்டும். எந்த எண்ணாக இருந்தாலும் சரி, ஆனால் அதே எண்ணைக் கொடுத்தால் அச்சு அசலாய் அதே உலகம்தான் வரும். விக்தோர் பாக் அதை எனக்குத் திரையில் காட்டினார். நான் படிப்பு குறைந்தவன், ஸ்டேஷன் பெயரும் டீக் கணக்கும்தான் தெரியும், ஆனால் அந்த எண்ணை எந்தத் திரையிலும் தெரிந்துகொள்வேன். குல்யாஷின் போன் நம்பர். நான் இன்னும் தினமும் சாயங்காலம் போட்டுப் பார்க்கிற நம்பர். ரஷ்ய மொழியில் ஒரு பெண், நீங்கள் அழைக்கும் நபர் எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று சொல்வாள், நானும் நன்றி சொல்லி வைத்துவிடுவேன். ஆக இந்தப் பெண் அம்மாவின் நம்பரைக் கொடுத்து உலகத்தை ஆரம்பிக்கிறாள், அது நின்றுபோகிறது, மறுபடி அதே நம்பர், அதே உலகம், ஆரம்பத்திலிருந்து. வருஷம் முடிவதைத்தான் அவள் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. விருந்து முடிந்துவிட்டால் அப்புறம் நம் பெண்கள் ஒப்பாரி பாடுவதில்லை அல்லவா? கடைசி ஒப்பாரியைப் பாடிவிட்டால் அம்மா போய்விட்டாள் என்று ஆகிவிடும். அதனால்தான் ஓர் அங்குலம் நகரவில்லை. சாக்கைப் பற்றி நான் அதற்குப் பிறகு நினைக்கவில்லை மச்சான், மன்னிக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை வந்தது. விருந்துக்கு முந்தின வெள்ளி, ரொட்டி பொரிக்காமல் விடலாமா? மாவும் எண்ணெயும் வாங்கிவந்து, ஹாலுக்குப் பக்கத்தில் இவர்கள் டீ போடுகிற சின்ன அறையில் மத்தியானமே ஆரம்பித்துவிட்டேன். ஏழு ரொட்டி. வட்டமாக வரவில்லை, ஒன்று கஸ்பியன் கடல் மாதிரி வந்தது, குல்யாஷ் பார்த்திருந்தால் சிரித்தே செத்திருப்பாள் என்று எழுதவந்தேன், சரி, விடுங்கள். எண்ணெய் வாசனை வெளியே போனால்தானே போனவர்களுக்குப் போய்ச் சேரும்? அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இருந்தது ஹாலுக்குப் போகிற கதவு ஒன்றுதான். ஜிபெக் ஏழாவது ரொட்டி போடும்போதுதான் அந்தக் கதவு வழியாக உள்ளே போனாள், மூக்கைச் சுளித்துக்கொண்டே, “அப்பா, கதவ மூடி வைங்க” என்றாள். மூடினேன். பிறகு, அம்மாவுக்குத்தானே என்று மறுபடி திறந்தேன். உள்ளே மெஷின்களைக் குளிரவைக்கப் பெரிய பெரிய விசிறிகள் காற்றை இழுக்கின்றன, வாசனையை என்னமாய் இழுத்துக்கொண்டு போனது தெரியுமா, கண்ணாலேயே பார்க்க முடிந்தது, நீலமாக ஒரு நூல் போல. இவ்வளவு மரியாதையாக என் சமையல் வாசனையை யாரும் எடுத்துக்கொண்டு போனதில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஹாலின் கூரையில் காற்றை முகர்ந்துகொண்டே இருக்கிற குழாய் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருக்கலாம். சைரன் ஊதியது. சுவருக்குள்ளிருந்து ஒரு பெண் உடனே வெளியேறுங்கள் என்று ரஷ்ய மொழியில் சொன்னாள், போனில் பேசுகிற அதே பெண்ணோ என்று ஒரு கணம் நின்றுவிட்டேன். நெருப்பை அணைக்கிற வாயு வந்திருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது, யூசுப் ஓடிவந்து ஏதோ பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு என்னை, என் தகப்பனை, தகப்பனின் தகப்பனை என்று ஏழு தலைமுறையையும் வரிசையாகத் திட்டினார், வரிசை தப்பவேயில்லை. நான் மகள் உள்ளே இருக்கிறாளே என்று வாணலி மூடியால் புகையை விசிறிக்கொண்டே ஹாலுக்குள் ஓடினேன். ஓடிய வேகத்தில் அத்தனை மின்சாரமும் போனது.

இருட்டு. வாசலுக்கு மேலே அவசர விளக்கு ஒன்று உண்டு, அதன் பேட்டரியை யூசுப் தன் ரேடியோவுக்குக் கழற்றி வைத்திருக்கிறார் என்பது பிற்பாடு தெரிந்தது. நான் அலமாரிகளுக்குப் பின்பக்கம், சூடான காற்று வருகிற சந்தில் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை நாளாக அந்த ஹாலின் இரைச்சலை நான் கேட்பதையே விட்டிருந்தேன், நின்றபோதுதான் அது எவ்வளவு பெரிய இரைச்சல் என்று தெரிந்தது. விசிறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேகம் குறைந்து, குரல் இறங்கி இறங்கி, கடைசி ஒன்று மட்டும் வெகுநேரம் இழுத்துக்கொண்டிருந்தது. அது நின்றதா, அல்லது அதன் சத்தமே மாறியதா தெரியவில்லை, அலமாரிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, குளிர்ந்த பக்கத்திலிருந்து, ஒப்பாரி கேட்டது.

பாடினாள் மச்சான். உங்களுக்காக இதைத் தெளிவாக எழுதுகிறேன், பாடினாள். அசல் அவள் அம்மா குரல், அந்த இழுப்பு, மூச்சு வாங்கும் இடம்கூட அதே. வாணலி மூடி என் கையிலிருந்து விழுந்தது, விழுந்த சத்தத்துக்கும் பாட்டு நிற்கவில்லை. ஹால் எதிரொலித்ததில் சொற்கள் எல்லாம் பிடிபடவில்லை. பிடிபட்ட இடத்தில் ஒரு பிழை இருந்தது, அதை நீங்களாக யார் மூலமாவது கேட்டுக் கோபப்படுவதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்: “என் குதிரைக்குட்டியே, என் குட்டியே” என்று திரும்பத் திரும்ப வந்தது. மகள் தாயைப் பார்த்துக் குட்டியே என்று பாடுவாளா? ரஷ்யப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண், முறை தெரியவில்லை, சின்ன வயதில் காதில் விழுந்த கொஞ்சல் வார்த்தையை அப்படியே போட்டுப் பாடிவிட்டாள். அதைப் பெரிதுபடுத்தாதீர்கள். விக்தோர் பாக்கும் யூசுபும் வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்கள் என்று டார்ச் வந்தபோது பார்த்தேன். பாட்டு அப்போது முடிந்திருந்தது. ஜிபெக் என் பக்கத்தில் வந்து நின்றாள், தலைமுடியிலும் தோளிலும் பனித்துளி உருகிக்கொண்டிருந்தது, நான் கையாலேயே துடைத்துவிட்டேன். அழுத கண். நான் ஒன்றும் கேட்கவில்லை, இந்த மாதிரி நேரத்தில் கேட்கிற தகப்பன் மடையன். ரொட்டியை நீட்டினேன். கஸ்பியன் கடலை எடுத்து, பிய்த்து, உட்கார்ந்து சாப்பிட்டாள். உட்கார்ந்து.

மின்சாரம் வந்து, சேமித்துவைத்த இடத்திலிருந்து மறுபடி ஓட்டினார்கள். எண்ணிக்கை சரியாக வந்தது. கூடுதல் இல்லை. மறுபடி எண்ணினார்கள், சரி. அந்த வெறும் இடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்கள், ஒன்றுமே இல்லை, நல்ல சுத்தமான இருட்டு. “ஏதோ ஒரு மெமரி கெட்டுப்போயிருக்கும், கரண்ட் போய் வந்ததுல தானா ஒழிஞ்சிருச்சு. அண்ணே, உங்க ரொட்டிக்குத்தான் நன்றி சொல்லணும்” என்று விக்தோர் பாக் என் முதுகில் தட்டினார். எல்லோருக்கும் சந்தோஷம். ஜிபெக் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு, “போயிருச்சுப்பா” என்றாள். அவ்வளவுதான், நேற்றும் இன்றும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஊருக்குப் போகலாமா என்றேன், இது ஓடி முடியட்டும், திரும்பி வருதா பாக்கணும் என்றாள்.

ஆகவே, மச்சான், உங்கள் கேள்விக்குப் பதில்: வரவில்லை. நானும் அவளைத் தனியாக விட்டு வருவதாக இல்லை. விருந்தை எங்கள் இரண்டு பேர் இல்லாமலே நடத்திவிடுங்கள். அவள் பாடவேண்டியதைப் பாடிவிட்டாள், உங்கள் வீட்டுக் கம்பளத்தில் உட்கார்ந்து பாடவேண்டியதை ஒரு மெஷின் ஹாலில் நின்று பாடினாள், அதற்கு ஒரு கொரியரும் ஓர் உய்குரும் சாட்சி, இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். ஒரு கடைசி ஒப்பாரியை இரண்டாம் தடவை பாடச் சொல்லிப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தவேண்டாம். யாராவது கேட்டால் தகப்பன் சரியில்லை என்று சொல்லிவிடுங்கள், ஊரில் எல்லோரும் ஏற்கெனவே நம்பியிருக்கிற விஷயம், உங்களுக்குச் சிரமம் இருக்காது.

உங்கள் மந்தை பெருகட்டும், உங்கள் வாசலில் விருந்தாளிகளின் செருப்பு குறையாமல் கிடக்கட்டும், முழங்கால் மடங்கட்டும், கோபம் அடங்கட்டும். ஷொல்பான் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கிடாவுக்கு என் மரியாதை.

இப்படிக்கு,
திட்டுக்குத் தலை குனிந்து காத்திருக்கும்
ரிஸ்பெக்

பின்குறிப்பு, திங்கட்கிழமை காலை:

மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். உறையில் போடச் சொல்லி ஜிபெக்கிடம் கொடுத்தேன், அவள் போடுவதற்குமுன் படித்துவிட்டாள்.

“யாருப்பா பாடுனா?”

“நீதாம்மா.”

“நான் ஹால்லயே இல்லையே. சைரன் ஊதுனதும் பின் கதவு வழியா வெளிய ஓடிட்டேன். பனில, கரண்ட் ஷெட்ல இருந்தேன். நான்தான் மெயினை அணைச்சேன்.”

கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

“அங்க வரைக்கும் கேட்டுச்சு. நீங்க அம்மாவோட பழைய போனக் கொண்டு வந்து, அதுல இருக்கறத எதையோ போட்டு விட்டீங்கன்னு நெனச்சேன். அந்த எடத்துல போய் அப்படிச் செஞ்சுட்டாரேன்னு உங்க மேல அவ்ளோ கோவம். அதான் பேசல.”

குல்யாஷின் போன் தராஸில், என் மேஜை டிராயரில் பூட்டிக் கிடக்கிறது. அதில் அவள் பாட்டு எதுவும் கிடையாது, சார்ஜும் கிடையாது. விக்தோர் பாக்கிடம் போய்க் கேட்டோம், விசிறி நிற்கும்போது அப்படித்தான் சத்தம் வரும் என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். யூசுபிடம் கேட்டோம், அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

ஜிபெக் திரும்பி வந்து, கடிதத்தில் அந்த ஒப்பாரி வரியின்மேல் விரலை வைத்து, என் குட்டியே என்று அம்மா கூப்பிடுகிற மாதிரியே சொல்லிப் பார்த்தாள். நான் பிழை என்று எழுதியிருந்த வரிதான். பிறகு, “அப்போ நான் இன்னும் பாடவே இல்லப்பா” என்றாள். மெஷினை அது பாட்டுக்கு ஓடவிட்டுவிட்டு, எண்ணிக்கையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பையை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

விருந்துக்குக் குதிரையை அறுங்கள் மச்சான். கலீமாவின் பெட்டியிலேயே இரண்டு இடம் சொல்லிவிட்டேன், இந்தக் கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். இப்போது அவளுடைய பனிச்செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒரு கால் கிடைத்துவிட்டது.